பச்சிளங்குழந்தையும் சிஆர்பி என்கிற நம்பரும்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள், லேப் ஆளைக் கண்டால் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "சிஆர்பி எவ்வளவு சார்?" உடம்பில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு புரதத்தின் அளவு அது. குழந்தையின் எடையை மறந்துபோனவர்களுக்கும் சிஆர்பி ஞாபகம் இருக்கும். நேற்று 24, இன்று 12 என்றால் அப்பாடா. நேற்று 12, இன்று 30 என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

நான் டாக்டர் இல்லை, ரத்தப் பரிசோதனைக்கூட டெக்னீஷியன். எந்த ஊசி, எத்தனை நாள் என்று முடிவு செய்வது என் வேலை கிடையாது. ஆனால் அந்த நம்பர் எங்கள் கையிலிருந்துதான் கிளம்புகிறது. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று அடித்துச் சொல்ல சிஆர்பியோ, அதே மாதிரி ரத்தத்தில் பார்க்கிற புரோகால்சிட்டோனினோ, விலை கூடிய வேறு எதுவோ பெரிதாக உதவுவதில்லை. சந்தேகத்தின் பேரில் ஆரம்பித்த ஆன்டிபயாட்டிக்கை இனி நிறுத்தலாம் என்று தைரியம் கொடுக்கத்தான் உதவுகின்றன. நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

செப்சிஸ் என்றால் கிருமித்தொற்றும், அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன்னையே போட்டு வதைத்துக்கொள்வதும் சேர்ந்த நிலை. பெரியவர்களுக்கு வந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பமான பேச்சு என்று ஏதாவது காட்டிக்கொடுக்கும். பிறந்து ஒரு நாள் ஆன குழந்தை என்ன சொல்லும்? பாலை இழுத்துக் குடிக்காது. துவண்டு கிடக்கும். மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டும். குறைமாதக் குழந்தையாக இருந்தால் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போகும். சிக்கல் என்னவென்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், குளிர் தாக்கினாலும் இதே மாதிரிதான், நுரையீரலில் இருக்கிற நீர் வடியத் தாமதமானாலும் இதே மாதிரிதான். உண்மையிலேயே கிருமியாக இருந்தால் சில மணி நேரத்தில் கைமீறிவிடும் என்பதால் எந்த டாக்டரும் காத்திருக்க மாட்டார். ரத்தத்தை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு முதல் டோஸ் ஊசியைப் போட்டுவிடுவார். அது சரியான காரியம், அதில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கல்ச்சர்தான் கடைசித் தீர்ப்பு என்று புத்தகம் சொல்லும். பாட்டிலில் கிருமி வளர்ந்தால் தொற்று, வளராவிட்டால் இல்லை. தானியங்கி மெஷினில் வைத்தால் வளர வேண்டியவை பெரும்பாலும் 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வளர்ந்துவிடும். ஆனால் பாட்டிலுக்குள் எவ்வளவு ரத்தம் போனது என்று பாருங்கள். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான், டீக்கடை கிளாஸில் அடங்கிவிடும். கல்ச்சருக்கு மட்டும் ஒரு மில்லியாவது வேண்டும். அந்தச் சின்ன நரம்பில் ஒரு மில்லி எடுப்பதற்குள் நர்ஸுக்கு வியர்த்துவிடும். பாதி மில்லி வந்தாலே பெரிய விஷயம் என்று அனுப்பிவைப்பார்கள். ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்தால் அந்தப் பாதி மில்லியில் அது இல்லாமலே போகலாம். இதற்கு நேர் எதிராக, தோலில் சும்மா கிடந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஊசியோடு பாட்டிலுக்குள் போய் வளர்ந்து நிற்கும், ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வரும். ஆகமொத்தம் கல்ச்சருக்காக இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், காத்திருந்து வந்த பதிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இந்த இடைவெளியில்தான் 'பயோமார்க்கர்' என்று சொல்லப்படுகிற ரத்தக் குறியீடுகள் நுழைகின்றன.

இந்தியாவில் 'செப்சிஸ் ஸ்க்ரீன்' என்று ஒரு சீட்டு வரும், அதில் ஐந்து சமாசாரம். வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை 5000-க்குக் கீழே போயிருக்கிறதா, நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு வகை குறைந்திருக்கிறதா, முதிராத நியூட்ரோஃபில்கள் மொத்த நியூட்ரோஃபில்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா, மைக்ரோ ஈஎஸ்ஆர் முதல் ஒரு மணி நேரத்தில் 15 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டுகிறதா. ஐந்தில் இரண்டு வந்தால் ஸ்க்ரீன் பாசிட்டிவ். கேட்க ரொம்பக் கச்சிதமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

மைக்ரோ ஈஎஸ்ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். குதிகாலில் குத்தி, வருகிற ரத்தத்தை ஹெப்பாரின் பூசிய 75 மில்லிமீட்டர் நூல் குழாயில் ஏற்றி, ஒரு முனையைப் பிளாஸ்டிசினில் குத்தி அடைத்து, நேராக நிற்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து சிவப்பணுக்கள் எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கின்றன என்று அளக்க வேண்டும். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தால் போச்சு, வேகமாக இறங்கிவிடும். முதல் வாரத்தில் குழந்தைக்கு எத்தனை நாளோ அதோடு மூன்றைக் கூட்டினால் வருவது இயல்பான அளவு என்று ஒரு கணக்கு உண்டு. மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். அழகான டெஸ்ட் என்றுதான் சொல்வேன், ஆனால் தனியாக அதை மட்டும் நம்பி யாரும் மருந்து எழுதக் கூடாது.

முதிராத நியூட்ரோஃபில் எண்ணுவது இன்னும் மோசம். ஸ்மியர் போட்டு, லீஷ்மன் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும். உட்கரு வளைந்த பட்டையாக இருந்தால் முதிராதது, நடுவில் இழை மாதிரி மெலிந்து துண்டுதுண்டாகப் பிரிந்திருந்தால் முதிர்ந்தது. எவ்வளவு மெலிந்தால் பிரிந்ததாக எடுத்துக்கொள்வது? பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு டெக்னீஷியன்கள் ஒரே ஸ்லைடைப் பார்த்து 0.15 என்றும் 0.24 என்றும் சொல்லலாம். ஒன்று ஸ்க்ரீன் நெகட்டிவ் பக்கம், இன்னொன்று பாசிட்டிவ் பக்கம்.

இந்தக் கூட்டத்தில் சிஆர்பி மட்டும்தான் ஹீரோவாகிப் போனது. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில், ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்த வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் (ரத்தம் உறைந்த பிறகு தெளிந்து நிற்கிற நீரில்) ஒன்றைக் கவனித்தார்கள். நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்த 'சி' என்ற சர்க்கரைப் பொருளை அதில் சேர்த்தால் படிவு விழுந்தது. நோய் முற்றியிருக்கும்போது விழுந்த படிவு, ஆள் தேறிய பிறகு விழவில்லை. அந்தப் பொருளோடு வினைபுரிகிற புரதம்தான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சிஆர்பி. நிமோகாக்கஸுக்கும் இதற்கும் தனிப்பட்ட பந்தம் ஒன்றும் இல்லை, உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் இதை உற்பத்தி செய்யும் என்பது பின்னால் தெரிய வந்தது. பின்னால் தெரிய வந்த இந்த விஷயத்தை மறந்துவிடுவதால்தான் வார்டில் பாதிக் குழப்பம்.

பல சிறிய லேப்களில் இன்றும் சிஆர்பி ஸ்லைடில்தான் பார்க்கிறார்கள். கறுப்பு வட்டம் போட்ட ஸ்லைடில் ஒரு சொட்டு சீரம், அதன் பக்கத்தில் பால் மாதிரி வெள்ளையாக லேட்டக்ஸ் ஒரு சொட்டு, குச்சியால் கலந்து வட்டம் முழுக்கப் பரப்பிவிட்டு, ஸ்லைடைக் கையில் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். இரண்டு நிமிடம். திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துகள்கள் பிரிந்தால் பாசிட்டிவ், லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சீரத்தை சலைன் விட்டு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக எதில் திரிகிறதோ அந்த மடங்கை ஆறால் பெருக்குவோம். அதனால்தான் இந்த முறையில் ரிப்போர்ட்டில் 6, 12, 24, 48 என்றே வரும். 12-லிருந்து 24-க்குப் போனது உண்மையில் ஒரே ஒரு படி, அதைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு மடங்கு. இன்னொன்று, சிஆர்பி எக்கச்சக்கமாக இருந்தால் நீர்க்காத சீரத்தில் திரியாமலே போய்விடும். ரொம்ப மோசமாக இருக்கிற குழந்தைக்கு நெகட்டிவ் வந்தால் நீர்த்துத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது.

சரி, அளவு சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிருமி உள்ளே போன உடனே சிஆர்பி ஏறாது. முதலில் இன்டர்லூகின்-6 என்கிற சமிக்ஞை கிளம்ப வேண்டும், அது கல்லீரலைத் தட்ட வேண்டும், கல்லீரல் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விட வேண்டும். இதற்கே ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். உச்சத்துக்குப் போக ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள். ஆக, குழந்தை துவண்டுபோன அந்த நிமிடத்தில் எடுத்த சிஆர்பி 3 என்று வந்தால் அதற்கு மதிப்பே கிடையாது, இன்னும் ஏற நேரமே வரவில்லை. அதை வைத்துக்கொண்டு "சிஆர்பி நார்மல்தான்" என்று நிம்மதியாக இருப்பது பெரிய ஆபத்து. மறுபக்கம், பிரசவம் இழுத்தடித்தாலும், பனிக்குடம் உடைந்து நேரமாகியிருந்தாலும், குழந்தை மெக்கோனியத்தை (தன் முதல் மலத்தை) மூச்சில் இழுத்திருந்தாலும், பிறந்ததும் மூச்சுத் திணறியிருந்தாலும், கிருமி எதுவுமே இல்லாமல் சிஆர்பி ஏறும். குறைமாதக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட மறுநாள்கூட ஏறும்.

2019-இல் காக்ரேன் அமைப்பு ஒரு வேலை செய்தது. பிறந்து மூன்று நாளுக்குப் பிறகு வருகிற தொற்றைக் கண்டுபிடிக்க சிஆர்பி எவ்வளவு லாயக்கு என்று 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்று உள்ள நூறு குழந்தைகளில் 62 பேரைத்தான் அது பிடித்தது. தொற்று இல்லாத நூறு பேரில் 74 பேரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது, மிச்சம் 26 பேருக்குச் சும்மா மணி அடித்தது. சந்தேகத்துக்குரிய 1000 குழந்தைகளில் 400 பேருக்கு உண்மையிலேயே தொற்று என்றால், 152 பேரைக் கோட்டை விடும், 156 பேருக்கு இல்லாத தொற்றை இருப்பதாகச் சொல்லும். அதுவும் இது நோய்ச் சந்தேகம் அதிகம் இருக்கிற கூட்டத்தில். இதே திறமையை வைத்துக்கொண்டு 1000-த்தில் 50 பேருக்குத்தான் தொற்று என்கிற வார்டில் எல்லோருக்கும் சிஆர்பி பார்த்தால் என்ன ஆகும் என்று நானே கூட்டிப் பார்த்தேன். பாசிட்டிவ் வருகிறவர்கள் 278 பேர், அதில் நிஜமான தொற்று 31 பேருக்கு. மிச்சம் 247 குழந்தைகளுக்கு ஊசி, கையில் ஐவி லைன், அம்மாவிடமிருந்து பிரிவு.

அலகு பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் ஓர் அப்பா கையில் இரண்டு ரிப்போர்ட்டோடு கவுண்டருக்கு வந்தார், முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. "தம்பி, முந்தாநாள் வெளில பார்த்தப்ப 1.8-ன்னு இருந்துச்சு. இங்க 15-ன்னு போட்டிருக்கீங்க. ஒரே நாள்ல இவ்வளவு ஏறுமா?" வாங்கிப் பார்த்தால் முதல் ரிப்போர்ட் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், எங்களுடையது லிட்டருக்கு மில்லிகிராம். அதாவது 18 ஆக இருந்தது 15 ஆகக் குறைந்திருக்கிறது. "அண்ணே, ஏறல, இறங்கியிருக்கு" என்று சொல்லி, பேப்பரில் பெருக்கிக் காட்டிய பிறகும் அவர் முழுசாக நம்பவில்லை, டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று போனார். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன். நம்பருக்குப் பக்கத்தில் குட்டியாக அச்சாகிற அந்த எழுத்துகளைப் பாருங்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

சிஆர்பி மந்தம் என்பதால் அடுத்து வந்தது புரோகால்சிட்டோனின், பிசிடி என்பார்கள். தைராய்டில் சுரக்கிற கால்சிட்டோனின் ஹார்மோனுக்கு முந்தைய வடிவம் இது, 116 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. பாக்டீரியாத் தொற்று முற்றும்போது தைராய்டு மட்டுமில்லாமல் உடம்பின் பல திசுக்களும் இதைக் கொட்டுகின்றன. 1993-இல் பிரான்சில் அசிகோ, போயோன் ஆகியோர் லான்செட் இதழில் இதை முதலில் வெளியிட்டபோது அவர்கள் பார்த்த நோயாளிகளே குழந்தைகள்தான், பிறந்த குழந்தையிலிருந்து 12 வயது வரை. சிஆர்பியைவிட வேகமாக, நான்கு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். பிறகென்ன, பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். தீரவில்லை. பிறந்த குழந்தைக்கு எந்த நோயும் இல்லாமலே முதல் இரண்டு நாள் பிசிடி தானாக ஏறி இறங்கும். சுமார் 24 மணி நேரத்தில் உச்சம், மில்லிக்கு 10 நானோகிராமைத் தாண்டிப் போவதும் உண்டு. பெரியவர்களுக்கு 0.5-க்கு மேலே போனாலே புருவத்தை உயர்த்துவோம். அதனால் இந்தக் குழந்தைகளுக்கு 'நார்மல் இவ்வளவு' என்று ஒற்றை நம்பர் கிடையாது, ஒவ்வொரு மணிக்கும் ஒரு நார்மல். ஆறாவது மணி நேரத்தில் 8 என்பது கவலை, இருபத்திநான்காவது மணி நேரத்தில் அதே 8 பெரும்பாலும் ஒன்றுமில்லை.

இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, நியூட்ரோஃபிலின் மேலே இருக்கிற சிடி64, பிரெசெப்சின் என்று பட்டியல் இன்னும் நீளும். இன்டர்லூகின்-6 எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறும், ஒரு நாளுக்குள் இறங்கியும் விடும், கொஞ்சம் தாமதமாக ரத்தம் எடுத்தால் கிடைக்காது. சிடி64 பார்க்க, செல்களை ஒவ்வொன்றாக அளக்கிற ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷின் வேண்டும், எங்கள் மாதிரி இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எடின்பரோவில் 2014-இல் 52 ஜீன்களின் செயல்பாட்டைச் சேர்த்துப் பார்த்துத் தொற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டிலிருந்து சாம்பிள் வந்தால் யார் அதைச் செய்வது?

இப்போது நிறுத்துகிற பக்கத்துக்கு வருகிறேன், இங்கேதான் இந்தப் பழைய சிஆர்பிக்கே மரியாதை கூடுகிறது. அமெரிக்காவில் வில்லியம் பெனிட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சந்தேகம் வந்து எட்டு மணி நேரத்துக்குப் பிறகு, 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சிஆர்பியும் 10-க்குள் இருந்தால், கல்ச்சரில் உறுதியாகக்கூடிய ஆரம்பகாலத் தொற்று இல்லை என்று 99.7 சதவீதம் சொல்லலாம் என்று வந்தது. தொற்று இருக்கிறது என்று சொல்லத் திணறுகிற அதே டெஸ்ட், இல்லை என்று சொல்லும்போது இவ்வளவு திடமாக நிற்கிறது, ஆனால் ஒரு தடவை எடுத்தால் போதாது. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கிற நைஸ் அமைப்பின் வழிகாட்டி இதையே நடைமுறையாக்கியிருக்கிறது: ஊசி ஆரம்பிக்கும்போது ஒரு சிஆர்பி, 18-லிருந்து 24 மணி நேரம் கழித்து இன்னொன்று, 36 மணி நேரத்தில் கல்ச்சர் நெகட்டிவ், குழந்தையும் தெளிவாக இருக்கிறது, சிஆர்பியும் சாதகமாக இருக்கிறது என்றால் மருந்தை நிறுத்துவதைப் பரிசீலியுங்கள்.

பிசிடியை வைத்தும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். நியோபின்ஸ் என்ற ஆய்வு, 2017-இல் லான்செட்டில் வந்தது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு, இந்த நான்கு நாடுகளில் 18 மருத்துவமனைகள், 1710 குழந்தைகள். எல்லோருக்கும் ஊசி ஆரம்பித்தாகிவிட்டது, யாருக்கு எப்போது நிறுத்துவது என்பதுதான் கேள்வி. பிசிடி பார்த்து நிறுத்திய குழந்தைகளுக்குச் சராசரியாக 55.1 மணி நேரம் மருந்து போனது, வழக்கப்படி நிறுத்தியவர்களுக்கு 65 மணி நேரம். பத்து மணி நேரம்தான் மிச்சம். இவ்வளவு பெரிய ஆய்வுக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கிறதே என்று படித்தபோது தோன்றியது. ஆய்வு தொடர்பான மரணம் ஒன்றுகூட இல்லை, மறுதொற்று ரொம்பக் குறைவு, அதனாலேயே 'இது வழக்கமான முறைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை' என்று புள்ளிவிவரப்படி நிரூபிக்கவும் முடியாமல் போனது.

இதெல்லாம் வெளிநாட்டு நிலவரம். அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட்டே என்கிற மருத்துவமனைக் குழுமம் ரத்தத்தை விட்டுவிட்டு வேறு வழியில் போனது. தாயின் காய்ச்சல் எவ்வளவு, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்தில் பிறந்தது, தாய்க்கு ஆன்டிபயாட்டிக் போனதா, குழந்தை பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு கணக்கீட்டை உருவாக்கினார்கள். முதல் நாளில் ஊசி போட்ட குழந்தைகள் 5 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமானார்கள், கல்ச்சர் எடுப்பதும் 14.5 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக இறங்கியது. லேப்காரன் நான் சொல்லக் கூடாது, ஆனாலும் எந்த ரத்தப் பரிசோதனையும் இந்த அளவுக்கு வேலை பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டிவிடவும் முடியாது. அங்கே வில்லன் தாயிடமிருந்து வருகிற குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஈ. கோலையும். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011-லிருந்து 2014 வரை நடந்த டெனிஸ் ஆய்வில் முதலிடம் அசினெட்டோபாக்டருக்கு, அடுத்தது கிளெப்சியெல்லா. மூன்றில் இரண்டு பங்குத் தொற்று முதல் 72 மணி நேரத்திலேயே வந்தது. வளர்ந்த அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அசைந்துகொடுக்காதவை. நம் ஊர்க் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்பதால் டாக்டருக்கு நிறுத்தக் கை வராது. நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த 82 இன்னும் ஏறும். எடை ரொம்பக் குறைந்த குறைமாதக் குழந்தைகளுக்குக் கல்ச்சர் நெகட்டிவாக இருந்தும் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஊசி ஓடினால், குடல் அழுகும் நோயும் மரணமும் கூடுதலாக இருந்தன என்று 2009-இலேயே அமெரிக்க ஆய்வு சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் கல்ச்சர் நெகட்டிவ், குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, சிஆர்பி மட்டும் 18-இல் நிற்கிறது, அதற்காக ஏழு நாள் கோர்ஸை முடித்துவிடுவோம் என்று தினமும் ஒரு சிஆர்பி எழுதி அனுப்புகிறார்கள். சிஆர்பி ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 19 மணி நேரம் ஆகும். காரணம் போன பிறகும் அது மெதுவாகத்தான் கரையும். பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையையா, நம்பரையா என்று கேட்கத் தோன்றும், லேப் கவுண்டரிலிருந்து யார் கேட்பது?

எங்கள் பக்கமும் சரிசெய்ய வேண்டியது இருக்கிறது. வார்டிலிருந்து வருகிற சீட்டில் தாயின் பெயரைப் போட்டு அவருடைய குழந்தை என்றும், வயது '1 நாள்' என்றும் எழுதியிருக்கும். ஒரு நாள் என்றால் பிறந்து ஐந்து மணி நேரமா, இருபத்தி மூன்று மணி நேரமா? பிசிடிக்கு இது தெரியாமல் பதிலே இல்லை. எங்கள் சாஃப்ட்வேரில் வயதுக்கு வருடம், மாதம், நாள் மூன்று கட்டம்தான் இருக்கிறது, மணிக்குக் கட்டம் இல்லை. போதாக்குறைக்கு மெஷின் பெரியவர்களுக்கான அளவையே பக்கத்தில் அச்சடித்து, கொழுத்த எழுத்தில் 'அதிகம்' என்று காட்டிவிடும், அதைப் பார்த்து இரவு டியூட்டியில் இருக்கிற புது டாக்டர் பதறுவார். சாஃப்ட்வேர்காரர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அதுவரைக்கும் பிறந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் என்று இரண்டு கோடு போட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்து வார்டில் கொடுத்திருக்கிறோம். பகல் டியூட்டியில் ஒழுங்காக நிரப்பி அனுப்புகிறார்கள். இரவில் இன்னும் போன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.